வில்மாவின் அங்கி

வில்மா கோவால்ஸ்கி ஒரு பழைய அங்கிக்கு ஆசைப்பட்டாள். சாதாரண ஆசை இல்லை. கல்யாணமான புதிதிலேயே எட்டி என்கிற அவள் கணவன் ஃபுளோரிடாவுக்கு ஓடிப்போனபோதுகூட அவள் அவனுக்காக இப்படி ஏங்கியதில்லை.

அந்த அங்கியைத் தெருவில் போட்டால் குப்பைக்காரன்கூட யோசித்துத்தான் எடுப்பான். வெறும் பருத்தித் துணி. ஒவ்வொரு நாடகத்தின் ஞாபகமாகவும் அதில் எதையாவது தைத்துத் தைத்து, கையுறை, மணிச்சரம், பொம்மைத் தலை, பாதித் தொப்பி என்று தொங்கிக்கொண்டு, போட்டால் தோள் வலிக்கும். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஒரு புது இசை நாடகம் தொடங்குகிற அன்று, ஜனங்களை உள்ளே விடுவதற்கு முன்னால், அந்த அங்கி அங்கே வந்து சேரும். அந்த நாடகத்தின் கோரஸ்காரர்களில் யார் அதிக நாடகங்களில் கோரஸில் ஆடியிருக்கிறாரோ அவருக்குத்தான் அது. அவர் அதைப் போட்டுக்கொண்டு மேடையை மூன்று சுற்று வருவார். மற்றவர்கள் தொட்டுக்கொள்வார்கள். தொட்டால் நாடகம் ஓடும் என்று ஒரு நம்பிக்கை. கதாநாயகிக்கு அந்த அங்கி கிடையாது. பெயருள்ள ஒரு துக்கடா வேடம் கட்டியவருக்குக்கூடக் கிடையாது. பெயரில்லாமல் வரிசையில் நின்று முட்டி தேய ஆடுகிறவர்களுக்கு என்று இருக்கிற ஒரே மரியாதை அது.

ஒவ்வொரு தொடக்க நாளிலும் வில்மா வட்டத்தில் நின்று அந்த அங்கியைத் தொட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவளைவிட ஒரு நாடகம் கூடுதலாக ஆடிய ஒரு கிழப்புலி எங்கிருந்தோ முளைத்துவிடும். கை தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய், வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அழுவாள். இப்போது கிழப்புலிகள் எல்லாம் ஓய்ந்துவிட்டன. ஒருத்தி நியூ ஜெர்சியில் நடனப் பள்ளி வைத்துவிட்டாள், ஒருவருக்கு இடுப்பு போய்விட்டது. ரொட்டித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி ‘காலை ரொட்டி’ என்று ஒரு நாடகம் தயாரானபோது, அதன் கோரஸில் எல்லாரையும்விட அதிக நாடகம் ஆடியவள் வில்மாதான். அவளுக்கு அடுத்து, ஒரே ஒரு நாடகம் குறைவாக, மார்கோ டெலூக்கா.

அந்த மார்கோதான் வில்மாவின் வயிற்றில் அணையாமல் எரிந்த அடுப்பு.

இருவரும் ஒரே வருடத்தில் நியூயார்க் மேடைக்கு வந்தவர்கள். ஒரே உயரம், ஒரே வயது. வில்மா தாமதமாக வந்தால் தாமதம், மார்கோ தாமதமாக வந்தால் “பாவம், சப்வே ரயில் நின்னு போச்சாம்.” வில்மா ஒத்திகையில் தப்பே செய்ய மாட்டாள், யாரும் கவனிக்க மாட்டார்கள். மார்கோ தப்புச் செய்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அந்தத் தப்பையே நடனத்தில் சேர்த்துவிடுவார்கள். இதில் கொடுமை என்னவென்றால், மார்கோ கெட்டவளும் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

நியூயார்க்குக்குக் கொண்டுபோகும் முன்னால் நாடகத்தைப் பாஸ்டனில் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் காட்சிக்கும் மாலைக் காட்சிக்கும் நடுவே, கோரஸ் அறையில் எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். ஆஸ்கர் என்கிற ஒல்லி நடனக்காரன், கோரஸ்காரர்களின் பிரதிநிதி, சும்மா இருக்க மாட்டாமல் ஆரம்பித்தான்.

“எல்லாரும் சொல்லுங்க. உங்களுக்கு உசிரு மாதிரி பிடிச்ச இசை நாடகம் எது? சினிமாவா இருந்தாலும் சரி. ஏன் பிடிக்கும்னும் சொல்லணும்.”

“எனக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான்,” என்றாள் ஒருத்தி. “நூறு பொண்ணுங்க தண்ணிக்குள்ள பூவா விரிவாங்களே, அது. கதையா? கதை யாருக்கு வேணும்?”

“எனக்கு முடிவுல யாராவது செத்தே ஆகணும்,” என்றான் இன்னொருவன். “அழுதுட்டே வெளிய வரணும். அழுதுட்டே அதே பாட்டை முணுமுணுத்துக்கிட்டு சப்வேல போகணும். பக்கத்து சீட்டுக்காரன் பயந்து எந்திரிச்சுப் போகணும்.”

வில்மா சொன்னாள்: “எனக்கு எல்லாரும் ஒண்ணா திரும்பற இடம் பிடிக்கும். அத்தனை பேருக்கும் ஒரே காலுன்னு தோணுமே...”

“என் ஹேர்பின்னை யார் எடுத்தது?” என்று யாரோ கத்தினார்கள். வில்மா சொன்னது அதோடு போயிற்று.

பிறகு மார்கோவின் முறை. அவள் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். அறை தானாக அடங்கியது. அவளுக்கு மட்டும் எப்படியோ அடங்கும்.

“ரெண்டு பேரு பேசிட்டே இருப்பாங்க இல்ல? பேசறாங்க, பேசறாங்க, ஒரு கட்டத்துல வார்த்தை பத்தாமப் போயிடும். மேடைக்குக் கீழ வயலின்காரன் வில்லை எடுப்பான். இவ இப்போ பாடப்போறான்னு நமக்குத் தெரிஞ்சிடும், ஆனா அவளுக்கே இன்னும் தெரியாது. பாடறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பா பாரு... நான் டிக்கெட் வாங்கறது அந்த ஒரு மூச்சுக்குத்தான்.”

கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வில்மா கைதட்டவில்லை. ஏனென்றால் அது அவளுடைய பேச்சு. வருடங்களுக்கு முன்னால் ஒரு சுற்றுப்பயணத்தில், கிளீவ்லண்டுக்குப் போகிற பஸ்ஸில், மார்கோவின் பக்கத்தில் உட்கார்ந்து வில்மா சொன்னது. வயலின் வில், மூச்சு, டிக்கெட் எல்லாம் அப்படியே. அன்றைக்கு மார்கோ தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் இத்தனை நாளாக அவள் நினைத்திருந்தாள்.

கதவருகே இயக்குநர் ஷெல்டன் ஆப்ராம் நின்றிருந்தார். காகிதக் கோப்பையில் காபி, மூன்று நாள் தாடி.

“திரும்பச் சொல்லு,” என்றார் மார்கோவிடம்.

மறுநாள் காலை நாடகத்தில் ஒரு புதுக் காட்சி முளைத்தது. காதலர்கள் தெருவில் நின்று பாடுவார்கள். மாடி ஜன்னலைத் திறந்து வீட்டுக்காரம்மா ஒருத்தி, தலை நிறைய முடி சுருட்டும் சுருள்களோடு, “சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போய்த் தூங்கித் தொலைங்க! எதுக்குப் பாடறீங்க?” என்று கத்துவாள். திட்டிக்கொண்டே இருப்பாள். திட்டத் திட்ட வார்த்தை பத்தாமல், ஒரு மூச்சு இழுத்து, அவளே பாடிவிடுவாள். நாலு வரிதான். நாடகம் பார்க்க வருகிறவன் காலமெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரி நாலு வரி. மத்தியானம் மார்கோவை ஜன்னலில் ஏற்றிப் பார்க்கப்போவதாக ஷெல்டன் சொல்லிவிட்டுப் போனார்.

வில்மா ஓட்டல் அறைக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வார்த்தை, என் மூச்சு, அவளுக்கு ஜன்னலா? பொறாமையில் தன் முகம் பச்சையாகிவிட்டதோ என்று கண்ணாடியில் பார்த்தாள். அப்புறம் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு அரங்கத்துக்கு ஓடினாள்.

ஷெல்டன் காலி இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஷெல்டன், ஒரு நிமிஷம். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. மார்கோ தங்கமான பொண்ணு. ஆனா தனியா பாடச் சொன்னா அவளுக்குப் படபடப்பு வந்துடும். வார்த்தையை முழுங்கிடுவா. ஃபிலடெல்ஃபியால ஒரு தடவை பாதில நின்னே போயிட்டா.”

ஃபிலடெல்ஃபியாவில் மார்கோவுக்கு அன்று காய்ச்சல் நூற்றிரண்டு. அதை வில்மா சொல்லவில்லை.

“அப்படியா?” என்றார் ஷெல்டன். “பாத்தா தெரியலையே.”

“நியூயார்க் வந்த புதுசுல எனக்கு ஒரு வீட்டுக்காரம்மா இருந்தா. இருங்க, காட்டறேன்.”

காட்டினாள். இடுப்பில் கை வைத்து, மூக்கால் பேசி, செருப்பைத் தரையில் தேய்த்து, காதல் என்றால் என்ன குளியலறையில் முடி அடைத்துக்கொள்கிற விஷயமா என்று கேட்டு, கடைசியில் ஒரு மூச்சு இழுத்து... ஷெல்டன் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

“இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தே இதை?”

யாராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று வாய் வரை வந்தது. வில்மா அடக்கமாகச் சிரித்தாள்.

வேஷம் வில்மாவுக்கு என்கிற செய்தி மத்தியானத்துக்குள் கோரஸ் அறைக்கு வந்துவிட்டது. எல்லாரும் வெளியே போன பிறகு மார்கோ வில்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“வில்மா, நிஜமாவே ஏத்துக்கப் போறியா? நல்லா யோசிச்சியா?”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“இல்லடி... இப்போப் போய், இந்த நாடகத்துல போய்... அடுத்ததுல கேட்டு வாங்கிக்கலாமே. இது வேண்டாம்னு சொல்லிடு. எனக்காகச் சொல்லல.”

“பின்ன யாருக்காகச் சொல்றே?”

மார்கோ அவள் முகத்தையே பார்த்தாள். எதையோ சொல்ல வந்து, “சரி, உன் இஷ்டம்,” என்று எழுந்து போனாள்.

வில்மாவுக்கு அந்தப் பேச்சு சர்க்கரையாக இனித்தது. எரியட்டும், நல்லா எரியட்டும், இத்தனை வருஷம் நான் எரிந்தேனே என்று, சுருள்களைத் தலையில் வைப்பதற்கு முன்பே அவள் கால் ஆடத் தொடங்கியது. மேடை நிர்வாகி பெர்னிஸ் புது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து நீட்டி, “இனிமே நீ கோரஸ் இல்ல, பேரு போட்ட வேஷம். தொழிற்சாலைப் பொண்ணுங்க ஆடற மாவு நடனத்துலயும் நீ இருக்க முடியாது, ஜன்னல்லேர்ந்து இறங்கி உடை மாத்த நேரம் பத்தாது. சம்மதம்தானே?” என்று கேட்டாள். நேரே முகத்துக்கு எதிரே, வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள். வில்மாவின் காதில் விழுந்ததெல்லாம் மார்கோவுக்கு இல்லை, மார்கோவுக்கு இல்லை என்பதுதான். கையெழுத்துப் போட்டாள்.

நியூயார்க்குக்குத் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்க்ரான்டனில் இருக்கிற தங்கை ஐரீனுக்கு ஃபோன் செய்தாள். ஐரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். நாடகம் என்றால் அக்கா சொல்லிக் கேட்டதுதான்.

“டிரெயின் டிக்கெட் வாங்கிட்டியா? தொடக்க நாளைக்கே வந்துடு. உங்க அக்கா இப்போ சும்மா ஆளு இல்ல. பேரு போட்ட வேஷம். ப்ரோக்ராம்ல வரும், பாரு: வீட்டுக்காரம்மா, வில்மா கோவால்ஸ்கி. அந்த மார்கோவுக்குப் போக இருந்தது. வாயிலேர்ந்து பிடுங்கிட்டேன்.”

“ஐயோ அக்கா! அப்பா இருந்திருந்தா தெருவெல்லாம் சொல்லிட்டு வந்திருப்பாரு.” ஐரீன் சந்தோஷத்தில் கத்தினாள். பிறகு சற்று நிறுத்தி, வெகுளியாகக் கேட்டாள். “அப்போ அந்த அங்கி என்ன ஆச்சு? அது கோரஸ் ஆளுங்களுக்கு மட்டும்தானே? சின்ன வேஷம்னாக்கூடக் கிடையாதுன்னு நீதான் சொல்லிட்டே இருப்பியே.”

வில்மா ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

“அக்கா? லைன்ல இருக்கியா?”

அங்கியின் விதி அவளுக்குத் தெரியாததா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஐரீனுக்கே மனப்பாடம் ஆகிற அளவுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் பாஸ்டனில், அந்த ஒரு நாளில், மார்கோவுக்குப் போகவிருந்த அந்த ஜன்னலைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் கைதட்டல் வேறு எதிர்பார்த்திருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் பெர்னிஸிடம் போனாள்.

“என்னை மறுபடி வரிசையிலயே போட்டுடு பெர்னிஸ். வேஷத்தை மார்கோவுக்கே குடுத்துடலாம். ஷெல்டன்கிட்ட நான் பேசறேன். எனக்கு... முட்டி வலி, ஜன்னலுக்கு ஏணி ஏற முடியல.”

“ஏணி ஏற முடியாதவ மாவு நடனம் எப்படி ஆடுவே?” பெர்னிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மேடை நிர்வாகிகளிடம் எதையும் மறைக்க முடியாது. “உன் இடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா. ஓஹையோவிலேர்ந்து ஒரு செம்பட்டை முடிக்காரி. வந்து ஒரு வாரம் ஆச்சு. ப்ரோக்ராம் அச்சுக்குப் போயாச்சு. நான் உன்னைக் கேட்டேனே வில்மா. சம்மதமான்னு கேட்டேன்.”

“கேட்டே,” என்றாள் வில்மா.

மார்கோவும் கேட்டாள். அதுதான் இன்னும் உறைத்தது. மார்கோ சூழ்ச்சி செய்து தள்ளிவிட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பாள். தனக்குக் கிடைக்கப்போகிற அங்கியை வேண்டாமென்று தள்ளி, நீ எடுத்துக்கொள் என்று வந்து உட்கார்ந்து சொன்னவளை என்ன சொல்லித் திட்டுவது? ஆனாலும் வில்மா திட்டினாள். முதல் வாக்கியத்திலேயே ‘அங்கி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அவள்? இதிலும் நல்ல பெயர் அவளுக்கே.

தொடக்க நாள் வந்தது. ஜனங்கள் இன்னும் வெளியே நடைபாதையில் நின்றார்கள். மேடையில் எல்லாரும் வட்டம் கட்டினார்கள், பாதி ஒப்பனையும் குளியல் அங்கியுமாக. உள்வட்டம் கோரஸ்காரர்களுக்கு. வேடம் கட்டுகிறவர்கள் பின்னால் நின்று பார்க்கலாம். வில்மா தலை நிறைய சுருள்களோடு கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்றாள். முன்னால் எல்லாருடைய முதுகும் தெரிந்தது.

வேறொரு நாடகத்திலிருந்து போன முறை அங்கி பெற்றவர் வந்து, அதைப் பையிலிருந்து எடுத்து உதறிக் காட்டினார். மணிகள் குலுங்கின. பெயரைச் சொன்னார். மார்கோ டெலூக்கா.

கோரஸ் மொத்தமும் ஊளையிட்டது. மார்கோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையும் அவளுக்கு அழகாக வந்தது. அங்கியைப் போட்டுக்கொண்டு சுற்றத் தொடங்கினாள். முதல் சுற்றில் வில்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இரண்டாவது சுற்றில் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். மூன்றாவது சுற்றில் மார்கோ வட்டத்தை விட்டு வெளியே ஒரு அடி எடுத்து வைத்து, பின்வரிசைக்கே வந்து அவள் எதிரில் நின்றாள். தொடாமல் இருந்தால் நாடகத்துக்கு ஆகாது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வில்மா தொட்டாள். விரலில் பட்டது ஒரு பச்சைக் கையுறை. அவள் ஆடிய நாடகத்தின் கையுறை. அதற்குப் பக்கத்தில் ஒரு கப்பல்காரன் சட்டைப் பொத்தான், அதுவும் அவள் ஆடியது. அதற்குக் கீழே இருந்ததும். இதில் பாதி என் கால் ஆடியது என்று அவளுக்குத் தோன்றியது. கை மூடிக்கொண்டது. மார்கோ நகர்ந்தாள், அங்கி நகரவில்லை.

“வில்மா,” என்றாள் மார்கோ, உதடு அசையாமல். “விடுடி. எல்லாரும் பாக்கறாங்க.”

“இது என்னோடது.”

“தெரியும். எனக்குத் தெரியாதா? விடு.”

விட்டாள். ஆஸ்கர் அவசர அவசரமாகக் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

அன்று இரண்டாம் பாகத்தில் வில்மா ஜன்னலைத் திறந்தாள். முதல் திட்டுக்கே சிரிப்பு அலையாக எழுந்தது. அவள் திட்டினாள், இன்னும் திட்டினாள், குரல் உடைந்தது, கீழே வயலின்காரர் வில்லை எடுத்தார். அவள் மூச்சு இழுத்தபோது அரங்கமே மூச்சு இழுத்தது. நாலு வரி முடிந்ததும் காதலர்கள் தங்கள் வசனத்துக்குக் காத்துக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று. அவ்வளவு நேரம் கைதட்டல். இரண்டாவது மாடி வரிசையிலிருந்து ஐரீன் விசிலடித்தது தனியாகக் கேட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக அத்தனை பேரும் வில்மா ஒருத்தியைப் பார்த்தார்கள். அவள் ஜன்னலைச் சாத்தினாள், ஏணியில் இறங்கினாள், திரை ஓரத்து இருட்டில் போய் நின்றாள்.

மாவு நடனம் தொடங்கியது. நீள மேசை, வெள்ளை ஏப்ரன், வரிசையாகப் பெண்கள். மாவைத் தூக்கி மேசையில் அறைந்தார்கள், ஒரே அறை. மாவுத் தூள் விளக்கு வெளிச்சத்தில் புகையாக எழுந்தது. ஜனங்கள் இருக்கையில் நிமிர்ந்து உட்காருவது இங்கிருந்தே தெரிந்தது. இந்த நடனத்தை இத்தனை நாள் உள்ளே இருந்து ஆடியிருக்கிறாளே தவிர, வெளியிலிருந்து பார்த்ததில்லை. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சற்று முன் கிடைத்த கைதட்டல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

மேசையில் மார்கோ இருந்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக வில்மாவின் கண் மார்கோவிடம் நிற்கவில்லை. பக்கத்து இடத்துக்குப் போயிற்று. அவளுடைய இடம். அங்கே செம்பட்டை முடியைக் கட்டிக்கொண்டு, ஓஹையோவிலிருந்து வந்த பெண் மாவை அறைந்துகொண்டிருந்தாள். அவள் பெயரை வில்மா கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. சின்னப் பெண். முதல் நாடகம். இன்னும் எத்தனையோ நாடகம் ஆடப்போகிறவள்.

ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பாவது செய்ய மாட்டாளா என்று வில்மா திரைத் துணியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். அவள் செய்யவில்லை.